அறையும் அடிநாதமும்

மலைநாட்டிலே ஓசைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. எதிர்மலைத் தோட்டத்தில் தப்பு முழங்கும்போது, இந்த மலையில் நிற்பவரின் காதுக்கு அது முழுமையாக வந்து சேர்வதில்லை. தோலின்மீது குச்சி விழும் சடசடப்பு வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. பள்ளத்தாக்கைக் கடந்து வருவது அடியிலே ஒலிக்கும் கனத்த முழக்கம் மட்டுமே. உயர்ந்த சுருதியுடைய ஓசையைக் காற்றும் இலையும் விரைவில் உறிஞ்சிக்கொள்கின்றன. தாழ்ந்த சுருதியுடைய ஓசையோ மரத்தையும் மேட்டையும் வளைந்து கடந்து நெடுந்தூரம் செல்கிறது. விடியற்காலையில் பிரட்டுக் களத்துக்கு ஆட்களை அழைக்க ஒரு காலத்தில் தப்படித்த தோட்டங்கள், பௌதிக நூல் எதையும் படிக்காமலே இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டன.

இவ்வாறு அடிநாதத்தை அறிந்து பழகிய செவியுடையவர், வீட்டிலே நல்ல விலை கொடுத்து வாங்கிய இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு எதிரே அமர்ந்து இசை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடகரின் குரல் தெளிவாக இருக்கிறது. வயலினின் இழைவும் குறைவின்றி வருகிறது. ஆனால் மிருதங்கத்தின் இடந்தலையிலிருந்து எழவேண்டிய கும்காரம் மெலிந்து கேட்கிறது. தவிலுக்கு எடை இல்லை. கட்டிடம் இருக்கிறது, அத்திவாரம் இல்லை என்பது போன்ற ஒரு குறை. இக்குறையைத் தீர்ப்பதற்கென்று அமைந்த கருவிதான் சப்வூஃபர் என வழங்கும் அடிநாதப் பெட்டி. அதனைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் ஓசையின் அளவைச் சற்று நோக்குவோம். மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஓசைகளை உணரவல்லது என்பர். பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் வினாடிக்கு 27½ அதிர்வு. மேனாட்டு வாத்தியக் குழுவிலே நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபிள்பேஸ் தந்தி வாத்தியத்தின் அடித்தந்தி ஏறக்குறைய 41 அதிர்வு. நமது தோற்கருவிகளின் ஆழ்ந்த முழக்கம் இவற்றிலும் சற்று மேலே நிற்பது. ஆயினும் அதுவும் சிறிய ஒலிபெருக்கிகளின் எல்லைக்கு அருகிலே அல்லது அதற்கு அப்பாலே உள்ளது.

சிறிய ஒலிபெருக்கிக்கு ஏன் இந்த வலுவில்லை? இன்று எங்கும் வழங்கும் ஒலிபெருக்கி, காந்தத்தின் நடுவே அசையும் கம்பிச்சுருள் ஒரு கூம்பைத் தள்ளுவதால் ஒலிப்பது. இதனை அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் செம்மைப்படுத்தி வெளியிட்டனர். அன்று முதல் இன்று வரை மாறாத விதி ஒன்று உண்டு. ஓசையின் சுருதி ஒரு ஸ்தாயி தாழும்போது, அதே உரப்பைப் பெறக் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும். 80 அதிர்வில் கூம்பு ஒரு நூலளவு அசைந்தால் போதுமாயின், 40 அதிர்வில் நான்கு நூலும், 20 அதிர்வில் பதினாறு நூலும் அசையவேண்டும். ஆகவேதான் அடிநாதத்துக்குப் பெரிய கூம்பும், நீண்ட அசைவும், வலிய ஆம்பிளிஃபயரும் வேண்டியுள்ளன.

இங்கே ஒரு வினா எழலாம். உள்ளங்கை அகல ஒலிபெருக்கி உடைய பழைய வானொலிப் பெட்டியிலே பல்லாயிரம் பேர் மிருதங்கத்தை ரசித்தார்களே, அது எப்படி? செவியின் விந்தைகளில் அதுவும் ஒன்று. ஒரு சுரத்தின் அடிநாதம் மறைந்துபோனாலும், அதனோடு இயல்பாகப் பிறக்கும் மேல்நாதங்கள் வந்து சேருமாயின், மூளை அவற்றைக் கொண்டு இல்லாத அடியைத் தானே கற்பித்துக்கொள்ளும். அந்த ரசிகர்கள் சுரத்தை அறிந்தார்கள்; ஆனால் அதன் கனத்தை உணரவில்லை. கனம் என்பது செவியோடு மார்பும் பாதமும் சேர்ந்து அறிவது. அதனை மூளையால் இட்டு நிரப்ப இயலாது.

சரி, பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமா என்றால், பெரும்பாலும் தீர்வதில்லை. புதிய குறையே பிறக்கிறது. பெட்டி கடையிலே இனிமையாக ஒலித்தது. வீட்டிலே 'கும்' என்று ஒரே சுரத்தில் இரைகிறது. பலர் பெட்டியைக் குறை கூறி, அதனிலும் விலை உயர்ந்த ஒன்றை நாடுகிறார்கள். உண்மையில் அங்கே ஒலிப்பது பெட்டி அன்று, அறை.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை சென்டிகிரேட் உள்ள நுவரெலியாவிலே ஓசை வினாடிக்கு ஏறக்குறைய 1,120 அடி செல்கிறது. 40 அதிர்வுடைய சுரத்தின் ஒரு அலை, ஆகவே, 28 அடி நீளமுடையது. 20 அதிர்வுடைய அலையின் நீளம் 56 அடி. இத்துணை நீண்ட அலை அறைக்குள்ளே அடங்காது. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பித் தன்மேலேயே விழுகிறது. அறையின் நீளம் அலையின் பாதியாக அமையும் சுரம் எதுவோ, அந்தச் சுரம் அறையிலே நிலைகொண்டு பெருத்துவிடும். துரை பங்களாவின் கூடம் 24 அடி நீளமும் 18 அடி அகலமும் உடையதாயின், அங்கே பெருக்கும் முதற்சுரங்கள் ஏறக்குறைய 23 அதிர்வும் 31 அதிர்வும் ஆகும். பழைய லயத்துக் காம்பரா பெரும்பாலும் 12 அடிக்கு 10 அடி. அங்கே அவை 47 அதிர்வும் 56 அதிர்வும் ஆகிவிடும். பங்களாவிலே பெருக்கும் சுரங்கள் பெரும்பாலான இசைக்குக் கீழே கிடக்கின்றன. காம்பராவிலே அவை இசையின் நடுவிலேயே வந்து நிற்கின்றன. ஒரே பெட்டி ஓரிடத்தில் நயமாகவும் மற்றோரிடத்தில் முரட்டுத்தனமாகவும் ஒலிப்பதன் காரணம் இதுவே.

பெருக்கம் ஒரு பாதி. மறு பாதி வெறுமை. நிலைகொண்ட அலைக்கு மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. சுவரோரத்தில் நின்றால் அடிநாதம் மிகுந்து கேட்கும். அறையின் நடுவிலே அமர்ந்தால் அதே சுரம் அடியோடு மறையும். நாற்காலியை மூன்றடி நகர்த்துவதால் உண்டாகும் மாற்றம், பெட்டியை மாற்றுவதால் உண்டாகும் மாற்றத்திலும் பெரிதாக இருப்பதுண்டு.

ஆகவே தேர்வு அறையிலிருந்து தொடங்கவேண்டும். பெட்டிகளிலே இருவகை உண்டு. முழுவதும் மூடிய பெட்டி ஒருவகை. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954ஆம் ஆண்டில், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக அமைத்து, சிறிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த நாதம் பெறலாம் என்று காட்டினார். மற்றையது துளையும் குழாயும் உடைய பெட்டி. அதன் இலக்கணத்தை 1961ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியரான நெவில் தீல் கணித்து வெளியிட்டார். அடுத்த பத்தாண்டில் ரிச்சர்ட் ஸ்மால் அதனை விரிவாக்கினார். துளையுடைய பெட்டி ஒரு குறிப்பிட்ட ஆழம் வரை அதிக உரப்புத் தரும். அதற்குக் கீழே திடீரென்று விழுந்துவிடும். மூடிய பெட்டி உரப்பிலே குறைந்தாலும், மெல்ல மெல்லத் தாழ்ந்து செல்லும்; ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே நாதத்தைத் தேங்கவிடாது. திரைப்படத்தின் இடியோசைக்கு முன்னது ஏற்றது. தனி ஆவர்த்தனத்திலே ஒவ்வொரு சொல்லும் தனித்து விழவேண்டும் என்று கருதுவோருக்குப் பின்னதே பெரும்பாலும் பொருந்துவது.

அன்றியும், சிறிய அறைக்கும் மூடிய பெட்டிக்கும் இயற்கையான ஒரு நட்பு உண்டு. அறையின் முதற்சுரத்துக்குக் கீழே அலை நிலைகொள்வதில்லை. அறைக் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிகிறது. அதனால் ஆழம் செல்லச் செல்ல அறையே நாதத்துக்கு வலுவூட்டும். மூடிய பெட்டி எந்த அளவு தாழ்கிறதோ, ஏறக்குறைய அந்த அளவை அறை ஈடுசெய்யும். கதவும் சன்னலும் கூரை இடுக்கும் காற்றை வெளியே விடும் வீடுகளில் இந்த உதவி குறைந்துபோகும் என்பதையும் மறத்தலாகாது.

மலைநாட்டுக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 6,128 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கூம்பு அதே அளவு அசைந்தாலும் தள்ளப்படும் காற்று மெலிந்தது. ஆகவே ஓசை சுமார் இரண்டு டெசிபெல் தாழ்ந்து பிறக்கும். கொழும்பிலே தன் வலுவின் எல்லைவரை சென்றுதான் போதுமானதாக ஒலித்த பெட்டி, நுவரெலியாவிலே சற்றுத் திணறக்கூடும். 4,000 அடிக்கு மேலுள்ள ஹற்றனில் இக்குறை அதனிலும் சிறியது. எவ்வாறாயினும், மலையிலே வாழ்பவர் வலுவிலே சிறிது மிகுதியுடைய பெட்டியைத் தேர்ந்து, அதனைத் தாழ்த்தி ஒலிக்கவிடுவது நன்று.

இனி, ஒன்றா இரண்டா என்பது. 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி அறைக்குள்ளே கண்டறிவது அரிது. ஆகவே இடம் வலம் என்று இரண்டு வழிகளில் இசை வந்தாலும், அடிநாதத்துக்கு ஒரு பெட்டி போதும் என்பது பொதுவான கருத்து. திசையைப் பொறுத்தவரை அது உண்மை. அறையைப் பொறுத்தவரை இரண்டு பெட்டிகளே மேல். ஒரு பெட்டி உண்டாக்கும் மேட்டையும் பள்ளத்தையும், வேறிடத்தில் நிற்கும் மற்றொரு பெட்டி ஒருவாறு சமன்செய்துவிடும். 2002ஆம் ஆண்டில் டாட் வெல்ட்டி என்னும் ஆராய்ச்சியாளர் நீள்சதுர அறைகளைக் கணித்து, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே வைத்த இரண்டு பெட்டிகள் பெரிதும் பயன் தருகின்றன என்றும், நான்குக்கு மேற்பட்டால் மிகுதியான நன்மை இல்லை என்றும் கண்டார். ஒரு மிகப்பெரிய பெட்டிக்கு ஆகும் செலவிலே, அளவான இரண்டு பெட்டிகள் வாங்குவது பெரும்பாலான கூடங்களில் அறிவுடைமையாகும்.

ஒரே பெட்டிதான் என்றால், அதற்குரிய இடத்தைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. பெட்டியைத் தூக்கிக் கேட்பவர் அமரும் இடத்திலே வைத்து, அடிநாதம் ஏறியிறங்கும் இசை ஒன்றை ஒலிக்கச் செய்யவேண்டும். பிறகு சுவரோரமாகத் தரையை ஒட்டிக் குனிந்து நடந்து வரவேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய சமமாகக் கேட்கின்றனவோ, அதுவே பெட்டிக்கு உரிய இடம். நாற்காலியும் பெட்டியும் இடம் மாறினாலும் அவற்றிடையே செல்லும் நாதம் மாறாது என்னும் விதியே இதற்கு ஆதாரம். காண்போர் நகைக்கலாம், ஆனால் இதற்குச் செலவு ஏதும் இல்லை.

பெட்டியின் பின்புறத்திலே மூன்று திருகுகள் இருக்கும். ஒன்று உரப்பு. மற்றொன்று, பிரதான ஒலிபெருக்கிகள் எந்தச் சுரத்தோடு ஓய்கின்றனவோ அதற்குக் கீழே பெட்டி தொடங்குமாறு எல்லை வகுப்பது. மூன்றாவது, பெட்டியின் கூம்பும் ஒலிபெருக்கிகளின் கூம்பும் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் அசையுமாறு இசைவிப்பது. இந்த இசைவு தவறினால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து, பெட்டி வைத்தபின் அடிநாதம் முன்னிலும் குறைந்துபோகும். உயர்ந்த விலையுடைய பெட்டிகள் சில, ஒலிவாங்கி ஒன்றைக் கொண்டு அறையை அளந்து தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. அத்திருத்தம் மேட்டைக் குறைக்கவல்லது. பள்ளத்தை நிரப்பவல்லது அன்று. பள்ளத்திலே எவ்வளவு ஓசையை ஊற்றினாலும், திரும்பிவரும் அலை அதனை அழித்துக்கொண்டே இருக்கும். அங்கே நாற்காலியையோ பெட்டியையோ நகர்த்துவதே மருந்து.

மலைநாட்டு வீடுகளுக்கு வேறு சில கவனங்களும் வேண்டும். பழைய பங்களாக்களின் பலகைத்தளம் அடிநாதத்துக்குத் தானும் சேர்ந்து அதிரும். பெட்டியின் கீழே கனமான கல்லோ மெத்தென்ற ரப்பரோ இடுவது நலம். தகரக் கூரையும் தளர்ந்த சன்னற் கண்ணாடியும் கலகலக்கும். பெட்டியைக் குறைகூறுமுன் அவற்றை இறுக்கிப் பார்க்கவேண்டும். மூடுபனியின் ஈரம் தப்பின் தோலைத் தளர்த்துவதும், கலைஞர்கள் அதனைத் தீயிலே காய்ச்சி முறுக்கேற்றுவதும் யாவரும் அறிந்ததே. அதே ஈரம் கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையத்தையும் காலப்போக்கிலே அரித்துவிடும். ஆதலால் ரப்பர் வளையம் உடைய பெட்டியே மலைக்கு ஏற்றது. இலங்கையின் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. இணைப்பிலே குறை இருந்தால் அந்த இரைச்சலைப் பிடித்து உரக்கச் சொல்லும் முதற்கருவி அடிநாதப் பெட்டியே. இடைப்பருவ மழைக்காலத்து இடிமின்னலின்போது மின்செருகியைக் கழற்றி வைப்பதும் அவசியம்.

இவை யாவும் வாங்குவோரின் நன்மையைக் கருதியவை. அயலாரின் நன்மையைக் கருதிய ஒன்றும் உண்டு. மலைநாட்டிலே அதுவே தலையாயது. எதிர்மலை வரை செல்லும் நாதத்துக்கு ஒரு செங்கற் சுவர் தடையாகாது. லயத்திலே ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே இருப்பது ஒரே சுவர். பாடலின் சொல்லும் இசையும் அச்சுவரோடு நின்றுவிடும். அடிநாதம் மட்டும் அதனை ஊடுருவிச் செல்லும். விடிந்தால் மலையேறிக் கொழுந்து பறிக்கவேண்டிய ஒருத்தி, இசை இல்லாத வெறும் முழக்கத்தை இரவெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருக்க நேரும். வாசிப்பவருக்கு இன்பமாக இருப்பது அவளுக்கு நோயாகும்.

இதிலே செவியின் இயல்பும் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933ஆம் ஆண்டிலே காட்டியபடி, உரப்புக் குறையக் குறையச் செவி அடிநாதத்தை மிக வேகமாக இழந்துவிடுகிறது. 1,000 அதிர்வுடைய ஓசை 40 டெசிபெல்லில் கேட்பதற்கு இணையாக 40 அதிர்வுடைய ஓசை கேட்கவேண்டுமானால், இன்றைய அளவீட்டின்படி அது ஏறக்குறைய 83 டெசிபெல் வலுவுடையதாக இருத்தல் வேண்டும். இரவிலே மெல்லக் கேட்பவர் அடிநாதம் போதவில்லை என்று திருகை முறுக்குவதும், அதனால் அயல்வீட்டுச் சுவர் அதிர்வதும் இதனாலேயே. ஆகவே ஒட்டிய சுவருடைய வீட்டிலே அடிநாதப் பெட்டி வேண்டாம் என்பதும் ஒரு நல்ல தேர்வுதான். அந்தப் பணத்தைக்கொண்டு சற்றுப் பெரிய கூம்புடைய இரண்டு ஒலிபெருக்கிகளை வாங்கினால், 12 அடி அறைக்கு அவையே போதும். இரவிலே செவியில் அணியும் ஹெட்ஃபோன் பிறருக்கு ஊறு செய்யாமல் அடிநாதம் முழுவதையும் தரும். மார்பிலே உணரும் அதிர்வு ஒன்றுதான் அதில் இராது. தனித்து நிற்கும் வீடும் அகன்ற கூடமும் உடையவருக்கே பெரிய பெட்டி உரியது.

எந்தப் பெட்டியானாலும் அதனைச் சோதிக்க இடியோசையும் வெடியோசையும் வேண்டாம். அவற்றிலே எந்தப் பெட்டியும் பெருமிதமாகத்தான் ஒலிக்கும். கேட்பவர் நேரிலே நன்கறிந்த வாத்தியம் ஒன்றே உரைகல். மலைநாட்டவருக்கு அது தப்பு. மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கும்போது, பொன்னர் சங்கர் கூத்தின்போது, தப்பின் அடிகள் எவ்வாறு நெருங்கியும் விலகியும் விழுகின்றன என்பதை அவர்கள் உடம்பே அறியும். நல்ல முறையிலே பதிவு செய்த தப்போசையை ஒலிக்கவிட்டுக் கேட்டால், தவறான பெட்டியிலே அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே இரைச்சலாகும். சரியான பெட்டியிலே குச்சியின் ஒலியும் தோலின் ஒலியும் ஓரிடத்திலிருந்தே பிறக்கும். ஓர் அடி முடிந்தபின் அடுத்த அடி வருமுன் நிற்கும் மௌனமும் கேட்கும்.

இந்தச் சோதனைக்கு மற்றொரு பயனும் உண்டு. சாவுவீட்டு வாத்தியம் என்று சிலரால் இழிவாக ஒதுக்கப்பட்டும், கூத்துக்களத்திலே தன் பெருமையைக் காத்துக்கொண்ட கருவி தப்பு. இன்று பல பிள்ளைகள் அதனைக் கைத்தொலைபேசியின் சிறு துளை வழியாகவே கேட்கிறார்கள். அங்கே குச்சியின் சடசடப்பு வருகிறது, முழக்கம் வருவதில்லை. எதிர்மலைக்கு எட்டியது எதுவோ, அதுவே கைக்கருவியிலே அற்றுப்போய்விடுகிறது. இப்படியே கேட்டு வளரும் தலைமுறை, தப்பு என்பது ஒரு சிறு தட்டோசை என்றே எண்ணிவிடக்கூடும். ஒரு பாடசாலை மண்டபத்திலோ, வாசிகசாலையிலோ, தோட்டத்துச் சமூக நிலையத்திலோ அளவான அடிநாதப் பெட்டி ஒன்றை முறையாக அமைத்து, ஊர்க் கலைஞரின் வாசிப்பைப் பதிந்து பிள்ளைகளுக்குக் கேட்கச் செய்தால், அந்தச் செலவு வீண்செலவு ஆகாது. பலர் கூடிக் கேட்கும் இடத்துக்கே இக்கருவி மிகவும் பொருந்தும்.

முடிவாக ஒன்று. நல்ல அடிநாதப் பெட்டி தான் இருப்பதைக் காட்டிக்கொள்வதில்லை. இசை ஒலிக்கும்போது எல்லா நாதமும் முன்னே உள்ள இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தே வருவதாகத் தோன்றவேண்டும். பெட்டியை அணைத்தவுடன் பாட்டின் காலடியிலிருந்து தரை நழுவிவிட்டது போன்ற உணர்வு பிறக்கவேண்டும். இருக்கும்போது தெரியாமலும், இல்லாதபோது தெரிந்தும் நிற்பது எதுவோ, அதுவே அந்த அறைக்குரிய பெட்டி. கடைக்காரரின் விலைச்சீட்டு இதனைச் சொல்லாது. அறையின் அளவும், அயலாரின் உறக்கமும், கேட்பவரின் செவியும் சேர்ந்தே சொல்லவேண்டும்.